குளத்துக்குப் போகாத முட்டைகள்

அன்பு மகனுக்கு,

எதை எழுதுவதென்றாலும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். இப்போதும் சிரி. வரிசை இல்லாவிட்டால் நான் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன் என்பதால் அதை மேலேயே வைக்கிறேன்.

1. நீங்கள் இருவரும் துரோண்ட்ஹைம் போவதற்கு முன்னர் இதை ஏன் எழுதுகிறேன்.
2. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நான் தர்சினியிடம் கேட்ட கேள்வி.
3. தொட்டியிலிருந்த முட்டைகளுக்கு நடந்தது. அதில் உனக்குச் சொல்லாமல் விட்ட பகுதி.
4. புது ஊரில் இருப்பது பற்றிச் சில யோசனைகள். (இவை சரியோ தெரியாது.)
5. என் சார்பில் நீ தர்சினியிடம் சொல்ல வேண்டிய செய்தி.

முதலாவது சுருக்கமானது. வரும் சனிக்கிழமை போகிறீர்கள். உங்கள் ரொம்மன் வீட்டில் சாமான்களையெல்லாம் பெட்டிகளில் கட்டியாயிற்று என்று அம்மா சொன்னாள். இந்த வருடம் முழுவதும் உன் மனைவி தர்சினி எங்கள் வீட்டுக்கு முன்போல வரவில்லை. வந்த இரண்டொரு தடவையும் வேற்றாள் போலக் கதிரை நுனியில் இருந்துவிட்டுப் போனாள். முன்பெல்லாம் கதவைத் திறந்ததும் நேரே குசினிக்குள் போய், சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "யாழ்ப்பாணத்துக் குழம்புல இன்டைக்கும் தூள்தான் கூட" என்று அம்மாவைச் சீண்டுகிறவள் அவள். ரொம்மனுக்கும் எங்கள் ஹொல்ம்லியாவுக்கும் இடையில் ஒரு ரயிலும் ஒரு ‘தே-பான’ச் சுரங்க ரயிலும்தான். அந்தச் சின்னத் தூரத்தையே நாங்கள் கடக்காமல் இருந்துவிட்டோம். இப்படியே அவ்வளவு வடக்கே போனால் இது இறுகிவிடும். வயிற்றில் பிள்ளை தங்காததற்குத் தானே காரணமென்று மாமா நினைக்கிறார் என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு அவள் போகக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவதைத் தொடங்குமுன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். சாட்டுச் சொல்வதற்காக அல்ல. ஓய்வுபெறும்வரை குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். நீரில் ஒரு குறை தெரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மாதிரி எடுக்க வேண்டும், கேட்க வேண்டும், பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவது காரணம். அந்த முறை என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஆகவே, இரண்டாவது முறையும் பிள்ளை தங்கவில்லை என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, என் மனம் அழுவதற்கு முன்னரே மாதிரி எடுக்கப் புறப்பட்டுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வந்தீர்கள். பனி உறைந்து கிடந்தது. நீ காரை வேறிடத்தில் நிறுத்தப் போயிருந்தாய். அம்மா குசினியில். நானும் தர்சினியும் மட்டும் மேசையில். நான் கேட்கத் தொடங்கினேன். என்ன சாப்பிடுகிறாள், எங்கேயாவது வழுக்கி விழுந்தாளா, நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறாள். கேட்டதற்கெல்லாம் நல்ல மாணவிபோல ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு அவள் வேலை செய்யும் பார்னஹாகெயைப் பற்றிக் கேட்டேன். பகல் முழுவதும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்: "அங்கை பிள்ளையளைத் தூக்கிறனீரோ?"

"ஓம் மாமா," என்றாள். "அழுதா தூக்கத்தானே வேணும்."

நான் தலையாட்டினேன். கேள்வியைவிட அந்தத் தலையாட்டல்தான் கெட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டவனின் தலையாட்டல் அது. அவள் அதைப் பார்த்தாள். நீ உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நாங்கள் இருவரும் பருப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஆகவே நடந்ததை நீ அவள் வாயால்தான் கேட்டிருக்க முடியும். அவளைத் தெரிந்தவரையில், கேட்டிருக்கவே மாட்டாய் என்றும் நினைக்கிறேன்.

நீங்கள் போன பிறகு அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். குசினியில் இருந்தாலும் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எனக்கும் முதல் பிள்ளை தங்கேல்லை எண்டது நினைவிருக்கோ? அப்ப நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. கட்டில் காலடியிலை இருந்தனீங்கள். எனக்கு அது போதுமாயிருந்தது."

எனக்கு நினைவிருந்தது. நீ பிறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், இந்த நாட்டுக்கு வந்த புதிதில். அப்போது எனக்கு மொழி தெரியாது, வைத்தியரிடம் என்ன கேட்பதென்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததால் பக்கத்தில் இருந்தேன். பிறகு படித்து, வேலை பழகி, காரணம் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில கிழமைகள் கழித்து ஒருநாள் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய்: "தர்சினி இப்ப பார்னஹாகெயின்ரை சமையலறையிலை, அப்பா. தானே கேட்டு மாறினவ." நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு தடவைதான் காரணம் எனக்குக் கேட்காமலே தெரிந்தது. அழுகிற பிள்ளைகளை அங்கே இப்போது வேறு யாரோ தூக்குகிறார்கள்.

மூன்றாவது, தொட்டிகள். உன் வேலையை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது எனக்கு எப்போதும் சிரமம். கோயிலில் ஒருவர் மகன் என்ன செய்கிறார் என்று கேட்டார். குளத்தில் இருக்கும் சலமாண்டரின் மரபணுவை ஆராய்கிறார் என்றேன். "அப்ப ஆஸ்பத்திரியிலை இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். "பரவாயில்லை, இன்னும் வயசிருக்குத்தானே," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவைக்கிறேன். கையளவு நீளமும், கறுத்த முதுகும், செம்மஞ்சள் வயிறுமாகப் பல்லிபோல இருக்கும் அந்தப் பெரிய சலமாண்டர் ஒவ்வொன்றின் வயிற்றுப் புள்ளியும் வேறு. அதைப் படம் எடுத்தே நீ ஆளை அடையாளம் பிடிக்கிறாய். முன்னொரு காலம் குளத்துக்குக் குளம் நடந்து திரிந்தவை, வீதியும் வீடும் வந்த பிறகு தங்கள் தங்கள் குளத்திலேயே அடைபட்டுவிட்டன. ஆள் குறைந்த குளத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் சில மரபணு வகைகள் காணாமற்போகின்றன. அவை கெட்டவை என்பதால் அல்ல. குலுக்கலில் பெயர் விழாமற்போவது போலத்தான். அதனால்தான் இரண்டு பழைய குளங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு குளம் வெட்டி, இரண்டிலிருந்தும் பல தாய்களின் முட்டைகளைக் கொண்டுவந்து, குஞ்சாக்கி அதில் விடத் திட்டமிட்டீர்கள்.

அந்த முட்டைகளில் ஒரு பங்கை என்னிடம் தந்தது உன் பெரிய மனது. எங்கள் மாடிக்கட்டடத்துக்குப் பின்னாலுள்ள கொட்டிலில், அனுமதிக் கடிதம் ஒட்டிய தொட்டிகளை நீதான் கொண்டுவந்து வைத்தாய். கிழவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று நினைத்திருப்பாய். எனக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை. தாய்ச் சலமாண்டர் ஒவ்வொரு முட்டையாக இட்டு, பின்னங்கால்களால் இலையை மடித்து அதை மூடிவைக்கும் என்று நீ காட்டினாய். இலைக்குப் பதிலாக நீங்கள் தொங்கவிட்ட பிளாஸ்டிக் நாடாக்களிலும் அப்படியே மடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த மடிப்புகளைப் பார்த்தேன். முதலில் எல்லாம் உருண்டையாக இருந்தன. பிறகு அவரை விதைபோல நீண்டன, பிறகு காற்புள்ளிபோல வளைந்தன. அதுவரை எல்லாம் ஒன்றுபோலவே வளர்ந்தன. அதன் பிறகு சில அசையாமல் நின்றன. நின்றவை கலங்கி வெளிறி, பூஞ்சணம் பிடித்தன.

நான் பயந்துவிட்டேன். நீரின் அமிலத்தன்மையைப் பார்த்தேன், சரி. வெப்பத்தைப் பார்த்தேன், சரி. குளத்து நீரை மாற்றிப் பார்த்தேன். நிழல் போதாதோ என்று தொட்டிகளைச் சேலையால் மூடினேன். "பல்லிக்கும் சாதகம் எழுதப் போறியளோ?" என்று அம்மா கேட்டாள். கெட்டவற்றை எடுத்துவிட்டாலும் அடுத்த நாள் வேறு நிற்கும். கடைசியில் நின்றது ஏறக்குறைய பாதி. நீ தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் நல்லாய் இருக்கு என்றே சொன்னேன். அரிய உயிரின் முட்டைகள். உன் பெயரில் வாங்கிய அனுமதி. என் கையில் பாதி போய்விட்டது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. உன் ஆய்வு நூலை முழுவதும் வாசித்தேன் என்று முன்னர் உனக்குச் சொன்னேன். நான் வாசித்தது குளங்களைப் பற்றிய அத்தியாயங்கள் மட்டும். முட்டையைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்திருந்தால் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

ஆனியில் நீ வேலை விஷயமாக வடக்கே போயிருந்த கிழமை, பொரித்த குஞ்சுகளுக்கான நீர்ப்பூச்சிப் போத்தலோடு தர்சினி வந்தாள். நீ அனுப்பியிருந்தாய். நான் கொட்டில் கதவிலேயே போத்தலை வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அவள் உள்ளே வந்துவிட்டாள். "என்ன மாமா, சேலை போட்டு மூடி வெச்சிரிக்கீங்க?" என்று தூக்கினாள். ஒளிக்க இனி வழியில்லை. என் பிழை என்று தொடங்கி, பார்த்ததையும் மாற்றியதையும் ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன். எங்கோ ஒரு பிழை விட்டிருக்கிறேன், அது எதுவென்றுதான் பிடிபடவில்லை என்றேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மாமா, இது உங்கட பிழையில்ல. தண்ணியிலயும் பிழையில்ல. இதுகள்ள பாதி எப்பவும் தங்காது. எந்தக் குளத்துல வெச்சாலும் அப்படித்தான்."

உன் நூலைப் பிழைதிருத்தியவள் அவள்தான் என்பதை நான் மறந்திருந்தேன். விரலைத் தொட்டியில் நனைத்து, மூடியின்மேல் ஒரு சதுரத்தை வரைந்து நான்காகப் பிரித்தாள். இந்த இனத்தில், மரபணுக்களைச் சுமக்கும் நிறப்புரிகளில் முதலாவது இரண்டு வகை. உயிரோடு இருக்கும் ஒவ்வொன்றிலும் வகைக்கு ஒன்றாக இரண்டும் இருக்கும். பிள்ளைக்கும் இரண்டு வகையும் கிடைத்தால்தான் வளரும். ஒரே வகை இரட்டையாகக் கிடைத்தால் காற்புள்ளி அளவில் நின்றுவிடும். நான்கு கட்டங்களில் இரண்டு அப்படி. நானும் கணக்குத் தெரிந்தவன்தான். பார்த்த உடனே விளங்கிவிட்டது. ஆயினும் பழக்கதோஷத்தில் இன்னொன்று கேட்டேன். தாயில் ஏதும் குறை இல்லையோ?

"தாய் ஒண்டும் செய்யல்ல மாமா," என்றாள். "எல்லா முட்டையையும் ஒரேமாதிரி மடிச்சு மடிச்சுத்தான் வெச்சிரிக்கி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது என்று நினைக்கிறேன். அப்படியே நின்றாள். ஒரு கை நீருக்குள் இருந்தது. மூடியில் வரைந்த சதுரம் காய்ந்துகொண்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது பிழை என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்ததோ, "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்பதுதான். ஓம் என்றாள். மேலே வந்து குடித்தாள், அம்மாவோடு கொஞ்சம் கதைத்தாள், போய்விட்டாள். நீ திரும்பி வந்து தொட்டிகளைப் பார்த்தபோது, பாதி தப்பியிருக்கிறது, அப்பா நன்றாகச் செய்திருக்கிறார் என்று முதுகில் தட்டினாய். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றேன். நான் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். உங்கள் துயரத்துக்கு நான் சலமாண்டரின் கணக்கைப் பொருத்தவில்லை. மனிதருக்கு அந்தச் சதுரம் இல்லை. உங்கள் வைத்தியர் காரணம் தெரியவில்லை என்று சொன்னதாகச் சொன்னாய். அது அப்படியே இருக்கட்டும். நான் அதில் பாதி, கால் என்று ஒன்றும் எழுதப்போவதில்லை. முட்டைகள் போனதற்கு ஒரு விளக்கம் இருந்தது, உங்களுக்கு நடந்ததற்கு இன்றுவரை இல்லை. இரண்டிலும் பொதுவானது ஒன்றே ஒன்று. தாய் ஒன்றும் செய்யவில்லை.

நான்காவது, யோசனைகள். இதற்கு நிறையக் குறித்து வைத்திருந்தேன். மேலே உள்ளதை எழுதிய பிறகு பார்க்க, அனேகமானவை குளிர்ச்சட்டையையும் காப்புறுதியையும் பற்றியவை. அவற்றை அம்மா சொல்வாள். ஒன்றிரண்டை மட்டும் விட மனமில்லை. தொட்டிகளைக் கொண்டுவந்த அன்று, எந்தத் தாயின் முட்டைகள் திறமோ அவற்றை மட்டும் எடுத்துப் புதுக் குளத்தை நிரப்பினால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே வைத்திருக்கிறேன்: "திறமானதை மட்டும் தெரிஞ்செடுத்தால் குளம் சிறுத்துப்போகும், அப்பா. எது பிறகு உதவும் எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே." புது ஊரில் ஆட்களோடு பழகும்போதும் இதை நினைத்துக்கொள். எங்கள் ஊர், எங்கள் பக்கம் என்று பொறுக்கிப் பொறுக்கிப் பழகித்தான் நான் இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தேன். நீ மட்டக்களப்புப் பெண்ணை விரும்புவதாகச் சொன்னபோது எங்கள் சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் எதிர்க்கவும் இல்லை, அவர்களைத் தடுக்கவும் இல்லை. அவளோ வந்த முதல் மாதத்திலேயே எங்கள் வீட்டில் அதுவரை இல்லாத சிரிப்பைக் கொண்டுவந்தாள். ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் அம்மா கேலி பண்ணுவாள். இப்போது அம்மாவே தன்னை அறியாமல் மறுகா என்கிறாள்.

இன்னொன்று உன்னைப் பற்றியது. கோபிக்காதே. முதல் தடவை பிள்ளை தங்காதபோதும், இரண்டாவது தடவையும், நீ அடுத்த நாளே வேலைக்குப் போனாய். இரண்டாவது தடவை மாரி காலம். குளம் உறைந்திருந்தது, செய்ய ஒன்றும் இல்லை. இருந்தும் போய் மாதிரிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது நன்றாக விளங்கும். நான் துயரத்தைக் கண்டால் கேள்வி கேட்பேன், நீ வேலைக்குள் போய் ஒளிவாய். இரண்டும் ஒரே பயந்த சுபாவம்தான், என்னிடமிருந்து உனக்கு வந்தது. துரோண்ட்ஹைமில் உங்களுக்குப் பக்கத்தில் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. அவள் அழுதால் குழாய் அடுக்கப் போகாதே. காரணமும் தேடாதே. கட்டில் காலடியில் இரு. பிள்ளை வருமா, எப்போது என்று நாங்கள் கேட்க மாட்டோம். வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் இருவரும் எங்களுக்கு நிறைவு. இதை அம்மாவும் நானும் ஒருமிக்கச் சொல்கிறோம்.

ஐந்தாவது. தர்சினியிடம் நீ சொல்ல வேண்டியது: மாமா அன்று கேட்டது பிழை, மன்னிக்கச் சொன்னார் என்று. இதை எழுதிவிட்டு வாசித்தேன், மன்னிக்கச் சொன்னார் என்பது கட்டளைபோல இருந்தது. வருத்தப்படுகிறார் என்று மாற்றினேன், அது கடையில் சொல்வது போல இருந்தது. பார்னஹாகெயில் அழுகிற பிள்ளைகளை அவள் தூக்கியது பிழையே அல்ல, துரோண்ட்ஹைமில் வேலை கிடைத்தால் அங்கும் தூக்கட்டும் என்று சேர்த்தேன். நீ அதை எந்தக் குரலில் சொல்வாய், அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி இருந்துவிட்டேன். அம்மா தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் வாசித்தாள். கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"பெடியனைத் தூது விடுறியளோ?" என்றாள். "அந்தப் பிள்ளை உங்களுக்கு முன்னாலை நிண்டெல்லோ சொன்னவ, உங்கட பிழையில்லை எண்டு."

இன்று வேலை முடிந்து தர்சினி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று அம்மாவே தொலைபேசியில் கேட்டுவிட்டாள். நான் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். இனித் திரும்ப வழியில்லை. சட்டை மாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டு வருகிறேன். உன் வீட்டில் முதலில் அவளோடு கதைப்பேன். அங்கே எந்தச் சொல் முதலில் வரும் என்று எனக்குத் தெரியாது, வரிசை ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. கதைத்து முடித்த பிறகே இதை உன்னிடம் தருவேன். ஆகவே, மகனே, ஐந்தாவதை நீ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதை உன்னிடம் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தது பிழை.

அப்பா